இரண்டாம் வரிசையைத் தவிர

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பிரசங்கம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கால் ஆட ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் அதில் இருக்கிற பெண்கள் எல்லோரும் திரும்பி என்னை முறைப்பார்கள். கொரோனா காலத்தில் ஆராதனையை நேரலையில் விட வேண்டும் என்று எங்கள் சபைக் கமிட்டி முடிவு செய்தது. பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்தார்கள். போன் சரிந்துகொண்டே இருந்தது. அதை நிமிர்த்தி வைக்கிற சாக்கில் எழுந்து போனவள்தான், பிறகு பெஞ்சுக்குத் திரும்பவே இல்லை. சபையின் வீடியோ வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

எங்கள் சபை பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மிஷனரிமார் காலத்துக் கட்டடம், உயரமான கூரை, பின்பக்கம் மரத்தால் ஆன ஒரு மேல்மாடம். பாட்டு பாதி தமிழ், பாதி மலையாளம். சண்டை மட்டும் முழுக்கத் தமிழ். எனக்கு வேலை பாலராமபுரத்தில், ஒரு கைத்தறிக் கடையில். அங்கே சேலைகளை வீடியோ எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போடுவேன். எல்லாம் வெளுக்காத நூலில் நெய்து ஜரிகைக் கரை வைத்த சேலைகள். வெள்ளைத் துணியை வெள்ளையாகக் காட்டுவது எத்தனை பாடு என்று அந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் தவறினால் மஞ்சள் அடிக்கும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரி நீலம் பாயும்.

எங்கள் பாடகர் குழுவின் பெண்களும் அதே வெண்சேலைதான் கட்டுவார்கள். இத்தனை வெள்ளையை ஒருசேரப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சேலை பளிச்சென்று வரும், முகமெல்லாம் கரி பூசியது போல ஆகிவிடும். முன்பு வந்த கல்யாண வீடியோக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கம்பில் ஒரு பெரிய விளக்கைக் கட்டி முகத்துக்கு நேராக அடிப்பார்கள். பாடுகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல் வலிக்காரர்கள் மாதிரி நிற்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

ஒழுங்கான கருவி வாங்க வேண்டும் என்று நான் கேட்டதும் கமிட்டியில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செயலாளர் அமரவிளையில் டயர்க் கடை வைத்திருப்பவர். புதிதாக எது வந்தாலும் அதன் மேல் ஆசை.

"ஒரு டிரோண் விட்டா அடிபொளி ஆக்கும்" என்றார்.

"சர்ச்சுக்கு உள்ளயா?"

"ஏன், கூரை ஒசரம் உண்டுல்லா?"

அந்த டிரோணை இறக்கவே இரண்டு கூட்டம் ஆயிற்று. அதற்குள் துபாயில் இருக்கிற ஒரு குடும்பம் புகைப்படக் கேமரா ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டது. அழகான கேமராதான். ஒரு முகத்தைத் தெளிவாக வைத்து, பின்னால் இருப்பதையெல்லாம் உருகிய வெண்ணெய் போல் ஆக்கிவிடும். கல்யாணப் பெண்ணுக்கு அது நல்லது. பாடகர் குழுவுக்கு ஆகாது. முதல் வரிசை தெளிந்தால் மூன்றாம் வரிசை புகையாகப் போய்விடும், மூன்றாம் வரிசைக்காரர்களின் வீட்டில் அதற்காக ஒரு மாதம் முகம் தூக்கிவைத்திருப்பார்கள். போதாததற்கு அந்தக் கேமரா அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யாது. புனித வெள்ளி அன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய பிரசங்கத்தில் மூன்றாவது வார்த்தையின் நடுவில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். மீனமாத வெயிலில் சூடேறி ஐந்தாவது வார்த்தையில் மீண்டும் படுத்துவிட்டது. கேமராவைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. காணிக்கைப் பொருள் என்பதால் விட்டேன்.

கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோக்காரர் மூலையில் போட்டிருந்த பழைய மாடல் வீடியோ கேமராவைப் பார்த்தேன். "இத இப்பம் ஆரும் கேக்கதில்ல" என்றார். அதைப் பதிவில் போடச் சொல்லிவிட்டு நான் கடைத்தெருவுக்குப் போய் என் வேலைகளை முடித்து, சோறும் தின்றுவிட்டு வந்தேன். அது அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சூடு கூட ஏறவில்லை. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் ஒன்றுபோலத் தெளிவு. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டே பாடுகிறவர் கண்ணிமை வரை போகிற ஜூம். எனக்கு அது போதும். கூடவே கேமராவை நிறுத்த, தலைப்பகுதியில் எண்ணெய் வைத்த முக்காலி ஒன்றும் வாங்கினோம். சாதாரண முக்காலியில் கேமராவைத் திருப்பினால் வெட்டி வெட்டி நகரும். இதில் என் கை எவ்வளவு பதறினாலும் படம் நிதானமாகத்தான் திரும்பும். என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்தது.

அதோடு நான் நிற்கவில்லை. மேல்மாடத்தின் மரக்கிராதியில் ஒரு சின்னக் கேமராவை நிரந்தரமாகப் பிணைத்து வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அது அசையாது, யாரும் அதைத் தொட வேண்டாம். மூன்று வரிசைப் பாடகர்களையும் முழுதாக, எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். கீழே என் கேமராவைத் திருப்புகிறபோது, தவறான முகத்தில் போய் நிற்கிறபோது, யாராவது எழுந்து மறைக்கிறபோது, மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் நேரலையில் மேல் கேமராவின் படம் போகும். அதற்குள் நான் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நிகழ்ச்சியை நேரலையில் எடுக்கிற எவருக்கும் இப்படி ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். கமிட்டியோடு போராடி வாங்கிய அந்த மேல் கேமராமீது எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் எடுப்பது நான் என்றாலும், இயக்குவது வெளிநாட்டில் இருக்கிற பாதிச் சபை. பாட்டு தொடங்கியதும் என் போன் துடிக்கத் தொடங்கிவிடும். "எனக்க மோளு இடது பக்கம், அஞ்சாமத்தவ, அங்க போ." "ஆரோ ஒருத்தன் தல மறைக்கி, அவன இருக்கச் சொல்லு." "ஜூம் பண்ணு பிள்ளே, ஜூம் பண்ணு." மஸ்கட்டிலிருந்து ஒரு தாத்தா அழைத்தே விடுவார். எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை அடிப்பார். முதலில் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. விடுப்பு கிடைக்காமல் அங்கே தனியறையில் உட்கார்ந்து ஒரு சின்னத் திரையில் தன் பிள்ளையைத் தேடுகிறவனிடம் என்ன கோபத்தைக் காட்டுவது? ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளை ஒரு தடவையாவது காட்டிவிடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கீத ஆராதனைக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒத்திகை முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். எனக்கு உறவு ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர், நான் மாமி என்று கூப்பிடுவேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாழ்ந்த குரல், ஆல்ட்டோ. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையின் நடுவில் நிற்பார். அவர் பிடிக்கிற சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வரிசை முழுதும் பாடும்.

மாமிக்குப் புற்றுநோய் என்று சபைக்கே தெரியும். திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. முடி முழுக்கக் கொட்டிவிட்டது, புருவமும் போய்விட்டது. தலையில் ஒரு பருத்தித் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டிருப்பார். தெரியாதது ஒருவனுக்குத்தான், கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற அவருடைய ஒரே மகனுக்கு. அப்பா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தவன் அவன். அப்பாவும் போனார், வேலையும் போனது. பிறகு வருடக்கணக்கில் அலைந்து இப்போதுதான் மறுபடி போயிருக்கிறான். இந்தத் தடவையும் ஓடிவந்துவிடுவான் என்று மாமிக்குப் பயம். மருந்தெல்லாம் முடிந்த பிறகு தானே சொல்லிக்கொள்கிறேன் என்று சபையில் ஒவ்வொருவரிடமும் வாக்குக் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு வீட்டில் மீன் கருகினால் அடுத்த நிமிடம் ஊருக்கே தெரிகிற எங்கள் சபை, இந்த ஒரு விஷயத்தை எப்படியோ வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. மகனிடம் தன் போனில் கேமரா கேடாகிவிட்டது என்று சொல்லி, மாதக்கணக்கில் குரலில் மட்டுமே பேசிவந்தார், உடம்புக்கு முடியாத நாள்களில் அந்த அழைப்பையும் எடுக்கமாட்டார்.

"மக்கா, ஒரு காரியம்" என்றார். "நீ லைவ் விடுவியா?"

"விடாம பின்ன?"

"என்னெ காட்டப்பிடாது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் பதற்றமாகிவிட்டது. "மாமி, நீங்க நடுவுல நிக்கியோ. நடுவுல நிக்க ஆளெ நான் எப்பிடி காட்டாம இருக்கது?"

"அது ஒனக்க வேல ஆக்கும்."

"இந்தத் தடவ மட்டும் பாடாண்டாம்னு வச்சுக்கிடுங்களேன்." என் வாய் சும்மா இருக்காது.

மாமி கோபப்படவில்லை. "பாடாம வீட்டுல இருந்தா நான் நோயாளி ஆயிருவேன் மக்கா" என்றார்.

பாடகர் குழுவை நடத்துகிறவரிடம் போய், மாமியை ஓரமாக நிறுத்தலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே பதில். "அவங்கள ஓரத்துல கொண்டு போட்டா ஆல்ட்டோ ஆளுக்கொரு வழிக்குப் போவும்" என்றார். நேரலையே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கொரோனா முடிந்ததிலிருந்து பெரிய ஆராதனைகளுக்கு மட்டும்தான் நேரலை, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். மேல் கேமராவின் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தேன். மூன்று வரிசையும் அளவாக விழுந்திருந்த அந்தப் படத்தின் நட்டநடுவில் மாமி. முகம் கடுகளவுதான். தலையில் துணி கட்டிய ஒரு பெண் என்று யாருக்கும் தெரியும். மாதக்கணக்கில் அம்மாவின் முகத்தைப் பார்க்காதவனுக்கு அந்தக் கடுகளவே போதும். நான் போராடி வாங்கிய கேமராவின் வயரை நானே பிடுங்கி வைத்தேன்.

கீத ஆராதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கியது. மேற்குச் சன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்து, இடப்பக்கம் நின்றவர்களின் சேலைகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைத்து, முகங்களைச் சரிசெய்துவிட்டு நின்றேன். ஆர்மோனியம் எழும்புவதற்கு முன்பே போனில் முதல் செய்தி வந்துவிட்டது. மாமியின் மகன்தான். "அக்கா, இன்னைக்கு லீவு கேட்டு வாங்கினேன். அம்மைய நல்லா காட்டணும் கேட்டியா."

முதல் பாட்டு தொடங்கியது.

அகலமாக எடுக்க வழியில்லை என்றால் நெருங்கித்தான் எடுக்க வேண்டும். நெருங்கி எடுத்தால் ஒரே இடத்தில் நிற்க முடியாது, பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிடும். முதல் வரிசையில் ஒரு முகம். அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்தால் இரண்டு முகம் தாண்டி, அவர்களின் தோளுக்குப் பின்னால் மாமியின் தலைத்துணி எட்டிப்பார்க்கும். அதற்குள் கேமராவைத் திருப்பி ஆர்மோனியத்தின் கட்டைகளுக்குப் போனேன். அங்கிருந்து நடத்துகிறவரின் கை. கையிலிருந்து மூன்றாம் வரிசை ஆண்கள், அதுவும் கழுத்துக்கு மேலே மட்டும், ஏனென்றால் கழுத்துக்குக் கீழே இறங்கினால் மாமி. அங்கிருந்து சன்னல், சன்னலிலிருந்து மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தியிலிருந்து கொட்டாவி விடுகிற ஒரு குழந்தை. கடையில் ஒரு சேலையை எடுக்கும்போது அதிலிருக்கிற ஒரு பிசிறு தெரியாமல் மடிப்பை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறேன். அந்த வித்தையெல்லாம் ஒரு ஆளிடம் செல்லாது. ஆள் மூச்சு விடுவார், பாட்டில் சாய்வார், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். மாமி எங்கே அசைவார் என்று என் ஒரு கண் எப்போதும் அவர் மேலேயே இருந்தது. அந்த மத்தியானம் முழுக்க நான் பார்த்தது அவரை மட்டும்தான். கேமராவில் மட்டும் அவர் இல்லை.

போன் துடித்துக்கொண்டே இருந்தது. "என்ன பிள்ளே இது, கல்யாண வீடியோவா?" "தல சுத்துகு." "மொத்தமா ஒருக்கா காட்டு." மஸ்கட் தாத்தா அழைத்துக்கொண்டே இருந்தார். இவற்றுக்கு நடுவில் அவனும். "அக்கா, ரெண்டாமத்த வரிசை." "அக்கா, நடுவுல." "அக்கா, ஒரு பிராவசியம் மதி." ஒரே ஒரு தடவை போதுமாம்.

ஆல்ட்டோக்களே மெட்டை எடுத்துப் பாடுகிற பாட்டு ஒன்று இருந்தது. மற்றவர்கள் வாயை மூடி முனகுவார்கள், ஆல்ட்டோ மட்டும் சொற்களோடு பாடும். மாமியின் குரல் அடியில் ஓடியது, முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்து, ஆனால் ஓரிடத்திலும் தடுமாறாமல். அப்போது கேமரா அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் கிறுக்கு என்பார்கள். நான் பாட்டுத் தாள் பிடித்திருந்த கைகளுக்குப் போனேன். ஒரு கை, அடுத்த கை, அதற்கடுத்தது மாமியின் கை. புறங்கையில் ஊசி போட்டுப் போட்டுக் கறுத்த இடம் தெரிந்தது. அவர் தாளைத் திருப்பியதைச் சாக்காக வைத்து உடனே கேமராவை விலக்கினேன். அழுதால் திரை மங்கும் என்பதால் மட்டுமே அழவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் என் பின்னால் வந்து நின்றார். வெளிநாட்டுக்காரர்கள் அவரையும் பிய்த்துத் தின்றிருப்பார்கள் போல.

"மேல் கேமரா ஏன் ஓடல்ல?"

"கேபிள் கேடு."

"ஒத்திகைல நல்லா இருந்துதே." அவர் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் வயர் பிடுங்கிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். புதுக் கருவிகள் மேல் ஆசையுள்ள மனிதர், அவர் கண்ணுக்கு அது தப்பாது. எடுத்துச் செருகியும் விட்டார். மடிக்கணினியின் ஓரத்தில் மூன்று வரிசையும் ஜொலித்துக்கொண்டு தெரிந்தன. "கண்டியா, ஒரு கேடும் இல்ல" என்று பொத்தானைத் தட்டக் கையை நீட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கீத ஆராதனை நடுவில், சபைச் செயலாளரின் மணிக்கட்டை, இறுக்கமாக. பக்கத்து பெஞ்சில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமி நிக்காங்க" என்று அவர் காதில் சொன்னேன். "மோன் பாத்துட்டு இருக்கான்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு நேராகப் பாடகர்களைப் பார்த்தார். கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். "சே, நான் ஓர்க்கல்ல, நெனச்சே பாக்கல்ல" என்று முணுமுணுத்துவிட்டு வயரை அவரே பிடுங்கினார். என் போனை எடுத்துக் குப்புற வைத்துவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் எல்லோரும் வெளியே பந்தலுக்குப் போனார்கள். அங்கே தேநீரும் கேக்கும் கட்லெட்டும். நான் கேமராவைப் பீடத்துக்கு மேலே தொங்கிய காகித நட்சத்திரத்தில் நிறுத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை வேகமாக இறங்கியது. பிறகுதான் போனைத் திருப்பினேன்.

அவனிடமிருந்து வரிசையாகச் செய்திகள். முதலில் கெஞ்சல், பிறகு கொஞ்சம் கோபம். "எல்லாருக்க அம்மையையும் காட்டுத, எனக்க அம்மை என்ன பாவம் செய்தா?" அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கடைசியாக ஒன்று இருந்தது. "அக்கா, ரெண்டு நாளா அம்மை போனும் எடுக்கல்ல, ஊருல ஆரும் எனக்கிட்ட உண்மைய செல்ல மாட்டாங்க. நீ செல்லு. அம்மை உண்டா, இல்லியா?"

நான் அவரை அத்தனை சுத்தமாக எடுத்துவிட்டிருந்தேன். அந்த மத்தியானம் முழுக்க ஒரு மகன் தன் அம்மாவைத் தேடித் தேடி, அவள் செத்துப்போனதை ஊரே சேர்ந்து மறைக்கிறது என்ற இடத்துக்கு வந்து நின்றிருந்தான்.

மாமி சிரித்துக்கொண்டே வந்தார். கையில் எனக்காக ஒரு கட்லெட். "எப்பிடி மக்கா? ஓரிடத்துலயும் வரல்லல்லா?"

"ஓரிடத்துலயும் வரல்ல மாமி" என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.

உதடு அசைய வாசித்தார். கட்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாசித்தார். முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சர்ச்சில் வேறு யாரும் இல்லை. வெளியே கோப்பைகளின் சத்தமும், யாரோ குழந்தையை அதட்டுவதும் கேட்டன.

"லைவ் நிறுத்தியாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஆரெங்கிலும் பாக்காவளா?"

திரையைப் பார்த்தேன். "ஒராள் உண்டு."

மாமி எழுந்து போனை என்னிடம் நீட்டினார். "எங்க நிக்கணும்?"

அவரே போய் இரண்டாம் வரிசை நிற்கிற படியில் தன் இடத்தில் நின்றார். முன்னால் யாரும் இல்லாததால் முழு ஆளும் தெரிந்தது. நான் எழுந்து கேமராவை நட்சத்திரத்திலிருந்து கீழே இறக்கினேன். வெயில் போய்விட்டிருந்தது, வெண்சேலைக்கு நடுவில் அவர் முகம் இருட்டாக விழுந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன். சேலை கொஞ்சம் வெளுத்துப்போனது, போகட்டும் என்று விட்டேன். முகம் தெரிந்தது. மாமி சேலைத் தலைப்பை எடுத்தார். பின்கழுத்தில் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்து, தலைத்துணியையும் எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இப்பம் தெரியுமா?"

"தெரியும் மாமி."

மைக்குகள் இன்னும் அணைக்கப்படவில்லை. அவர் மெதுவாகப் பேசியதும் சர்ச்சு முழுக்கக் கேட்டது.

"மக்கா, முடிதான் போச்சு. ஆள் உண்டு."

என்னைப் பார்த்தார். இங்கே பேசுவது நேரலையில் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். மாமி லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டானா?"

"இன்னும் இல்ல மாமி."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். "இப்பம்?"

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நான் ஓடிப்போய் அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து அவன் அழுதுகொண்டிருந்தான். மாமியும் அவனைப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. போனைத் தன் பக்கம் இழுத்து, கண்ணைச் சுருக்கி அவனை நன்றாகப் பார்த்தார்.

"எலே" என்றார், "நீ எதுக்குலே இப்பிடி மெலிஞ்சு போன?"